சம தூரத்துப் புள்ளிகள்

ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தேகாலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடம், ஒரு வாளி பிடித்தேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் காப்பி போட்டேன். குளித்தேன். முந்தைய நாள் சட்டையையே போட்டுக்கொண்டேன். அலமாரியின் மேல் சார்ஜரில் இரண்டு கைப்பட்டைகள் இருந்தன. இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. என்னுடையதை இடது மணிக்கட்டில் கட்டினேன். மற்றதை அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

இருபத்து மூன்று நாளாக இரண்டையும் சார்ஜ் போடுகிறேன். இரண்டாவது என் மனைவி மங்கையர்க்கரசியுடையது. அவள் இறந்து இருபத்து நான்கு நாள் ஆகிறது. மறுநாள் மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்தார்கள். கம்மல், ஒரு துண்டு மஞ்சள் சாக்பீஸ், கைப்பட்டை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பையில் என்ன இருந்தது என்று பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை.

திருவெண்குடியில் சித்திரையிலிருந்து ஆடி வரை காலை எட்டு மணிக்கே வெயில் நாற்பத்தைந்தைத் தொடும். பத்து மணிக்கு மேல் ஐம்பது. கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம் வேறு. வேர்வை காயாது. குளிர்க்கம்பங்கள் வருவதற்கு முன் நான்கு மாதம் பகலில் ஊர் அடைத்துக் கிடந்தது.

கம்பம் தெரு முழுவதையும் குளிர்விக்காது. அதற்குத் தண்ணீரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஆள் நிற்கும் இடத்துக்கு மட்டும் குளிர்ந்த காற்றை ஒரு தாரையாக அனுப்பும். ஆள் நடந்தால் தாரையும் கூடவே நடக்கும். ஆள் எங்கே இருக்கிறார் என்பதைக் கைப்பட்டை சொல்லும். கம்பத்துக்கு நாம் எல்லோரும் புள்ளிகள்.

எந்தப் புள்ளியை எந்தக் கம்பம் பார்ப்பது என்று முடிவு செய்யும் விதியை எழுதியவன் நான். எளிமையான விதி. இந்தக் கம்பத்துக்கு உள்ள தூரம் அந்தக் கம்பத்துக்கு உள்ள தூரத்தைவிடக் குறைவாக இருக்கும் புள்ளிகள் எல்லாம் இந்தக் கம்பத்தின் கணம். அந்தக் கம்பத்துக்கும் அப்படியே. சோதனையின்போது 'குறைவு அல்லது சமம்' என்றுதான் இருபுறமும் வைத்திருந்தேன். நடுவில் நிற்பவர்மேல் இரண்டு தாரையும் பாய்ந்து மோதிச் சுழன்று தெருப்புழுதியை எல்லாம் முகத்தில் அடித்தது. 'அல்லது சமம்' என்பதை எடுத்துவிட்டேன். ஒரு பக்கம் எடுத்திருந்தால் போதும். இரண்டு பக்கமும் எடுத்தேன். அன்றைக்கு மணி ஆறாகிவிட்டது. வண்டி காத்துக்கொண்டிருந்தது.

அரசி அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது என் விதியைக் கேட்டாள். சொன்னேன்.

"ரெண்டுக்கும் சமமா இருந்தா யாரு பாப்பாங்க?"

"சமமா இருக்கிறது ஒரு கோடு. கோட்டுக்கு அகலமே கிடையாது. அதுல யாரு போய் நிக்கப்போறா?"

"கோடுங்கறதே புள்ளிங்கதானே, இன்ஜினியர் சார். அதத்தான் நான் பசங்களுக்குத் தொண்டை கிழியச் சொல்லித்தர்றேன். புள்ளி இருந்தா ஆளும் இருக்கலாம்."

நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். ரசம் போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். மறுநாள் பார்க்கவில்லை. அதற்கு மறுநாளும்.

பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். காகிதத்தில்தான் கோட்டுக்கு அகலம் இல்லை. கைப்பட்டை காட்டும் இடம் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதால், ஒரு மீட்டருக்குக் குறைவான வித்தியாசத்தைச் சமம் என்று எடுத்துக்கொள்ளும்படி நானே எழுதியிருந்தேன். ஆகவே கோடு ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்திருந்தது. மற்றத் தெருக்களில் அதனால் ஒன்றும் இல்லை. கம்பங்கள் இட வசதிப்படி முன்னும் பின்னுமாக நிற்கின்றன. கோடு சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நடப்பவர் இரண்டு நொடியில் தாண்டிவிடுவார்.

தேரோடும் வீதி அப்படி இல்லை. அங்கே தேருக்கு இரண்டு வடம். வடக்குக் கரைக்காரர்கள் ஒன்று பிடிப்பார்கள், தெற்குக் கரைக்காரர்கள் ஒன்று. எதிலும் ஒரு கரைக்குக் கூடுதல், மறு கரைக்குக் குறைவு என்று இருக்கக் கூடாது. கம்பம் நட வந்தபோது இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். தேரின் நடு அச்சு போகும் தடத்திலிருந்து அவர்களே நூல் பிடித்து அளந்தார்கள். வடக்கே பன்னிரண்டு மீட்டர் என்றால் தெற்கேயும் பன்னிரண்டு. ஒரு கம்பம் நான்கு விரல் தள்ளிவிட்டது என்று குழியைத் தூர்த்து மறுபடி தோண்ட வைத்தார்கள். நான் அங்கே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். என் வரைபடமும் தரையும் அச்சாகப் பொருந்தியது அந்த ஒரு வீதியில்தான். சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

நடுக்கோடு வீதியை வெட்டவில்லை. வீதியோடு கூடவே, நட்டநடுவில், கோயிலைச் சுற்றி ஓடியது.

அந்த வீதியில்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. கம்பம் வந்த பிறகு அதற்குக் கோடை விடுமுறை கிடையாது.

அரசி அன்று மூன்றாவது பாடவேளையில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனாள். தலைமையாசிரியரின் அனுமதிப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் போனாள். 'நியமப்பாதை, செய்முறை' என்று அவள் கையெழுத்து இருக்கிறது. எதிரெதிரே நின்ற இரண்டு கம்பங்களின் அடியிலும் பிள்ளைகளை விட்டு ஒரே நீளத்தில் கயிறு கட்டி, முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு கயிற்றையும் ஒரே அளவு நீட்ட நீட்ட முடிச்சு நகரும். அது தொடும் இடங்களில் எல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்தாள். இரண்டு கம்பத்துக்கும் சம தூரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து ஒரு நேர்கோடு ஆகும். அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் பாடம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரத்துக்குப் போனார்கள். அவர்கள் நடுவில் நின்றது அரை நிமிடம், ஒரு நிமிடம். அவள் பாடவேளை முழுவதும் நின்றாள். தாரை கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தில் குளிர்ந்த காற்றில் நின்ற பிள்ளைகள், டீச்சர்மேலும் அது படுகிறது என்று நினைத்தார்கள். அவள் ஒருவேளை, புறப்படும்போதே தலைவலி இருந்ததே, அதுதான் என்று நினைத்திருக்கலாம். தெரியவில்லை. என்னைச் சோதிக்கத்தான் அங்கே போனாளா என்றுகூடச் சில நாள் தோன்றியது. இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பாடம் நடத்தத்தான் போனாள்.

மருத்துவமனையில் உடல் வெப்பம் நாற்பத்து இரண்டரை என்று எழுதினார்கள்.

விசாரணை வந்தது. கம்பங்களின் பதிவில் முப்பத்து நான்கு மாணவர்கள் இருந்தார்கள். அரசி இல்லை. தன் கணத்தில் சேராத புள்ளியைக் கம்பம் பதிவு செய்யாது; கடந்து போகிறவரின் சில நொடிகளையும் பதிவு செய்யாது. வடக்குக் கம்பம் அவளைப் பார்க்கவில்லை. தெற்குக் கம்பமும் பார்க்கவில்லை. எந்தக் கம்பத்திலும் பழுது இல்லை. அதற்கு ஒரே விளக்கம்தான் எல்லோருக்கும் தோன்றியது. டீச்சர் கைப்பட்டை கட்டவில்லை. பட்டை கட்டாமல் பிள்ளைகளைப் பன்னிரண்டு மணி வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்த பொறுப்பில்லாத டீச்சர். பத்திரிகையில் கொஞ்சம் இரக்கமாகப் போட்டார்கள். 'பிள்ளைகளா, நீங்க பத்திரமா இருங்க' என்று சொல்லியபடியே சரிந்தாராம். அவளுடைய அம்மா அந்தத் துண்டை வெட்டி வைத்திருக்கிறார். கடைசியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்றும் அவரே ஒரு நாள் சொன்னார். நான் மறுக்கவில்லை.

பத்தாம் நாள் என் மேலதிகாரி ரெஜினா மேடத்திடம் சொன்னேன். கைப்பட்டை என்னிடம் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. விதியைச் சொன்னேன். திரையில் காட்டினேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வெளிய போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா குமணன்? நாப்பத்தோரு ஊர்லயும் கம்பத்தை நிறுத்திட்டுத்தான் சோதிப்பாங்க. அக்னி நட்சத்திரத்துல. ஒரு வாரம் நிறுத்துனா எத்தனை பேரு?"

எண் எனக்குத் தெரியும். திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். ஆயிரத்து நூறு.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு வழி சொன்னார். விசாரணை முடியட்டும். சத்தமில்லாமல் பராமரிப்பு வேலை என்ற பெயரில் விதியைத் திருத்திவிடலாம். வைகாசித் தேருக்கு முன்னால் முடித்துவிடலாம். விசாரணை முடிய வேண்டும் என்றால் கணவன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

தேர்தான் எனக்குப் பயம். அந்த வீதியில் கம்பம் வந்த பிறகு இதுதான் முதல் தேர். ஒன்பது வருடமாக விடியுமுன்பே இழுத்து நிலையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வடத்துக்கும் நடுவில், தேர் அச்சின் தடத்தில், மேளக்காரர்களும் பதிகம் பாடுகிறவர்களும் நடப்பார்கள். அறுபது பேர் இருக்கும். வீதியில் தவில்காரர் கலியமூர்த்தி என்னை நிறுத்தி, வீட்டில் நடந்ததற்கு வருத்தம் சொன்னார். போகும்போது சொன்னார்:

"இந்த வருசம் பழையபடி எட்டு மணிக்குத்தான் வடம் பிடிக்கிறோம் தம்பி. மத்தியானம் ஆனாலும் ஆகட்டும். அதான் கம்பம் போட்டுட்டீங்களே."

அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மணிகளை எண்ணுகிறேன். பல் துலக்கும்போதும் எண்ணுகிறேன். நான்கு மணி நேரம். அறுபது பேர். அவளுக்கு நாற்பது நிமிடம் போதுமாக இருந்தது.

கையெழுத்துப் போட்டேன். 'சம்பவத்தன்று என் மனைவி கைப்பட்டை அணிந்திருக்கவில்லை என்பதை ஏற்கிறேன்.' அரசி விடை தவறாக இருந்தாலும் படிகள் சரியாக இருந்தால் மதிப்பெண் போடுவாள். இதில் இரண்டும் தவறு. வீட்டுக்கு வந்து இரண்டு பட்டைகளையும் சார்ஜ் போட்டேன்.

தேருக்கு ஐந்து நாள் இருந்தது. ரெஜினா மேடம் தினமும் இன்று வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்றார். மூன்று நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எழுதிக் கேட்டேன். பழுதுன்னு ஏதாவது இருந்தா உடனே மாத்தலாமாம். பழுதே இல்லாத மாத்தத்துக்கு ஆடி மாசம்தான் முறை வருமாம். விசாரணை அறிக்கையிலயே பழுது எதுவும் இல்லைன்னுதானே இருக்குன்னு கேக்குறாங்க."

"நாமதான் அப்படி எழுத வெச்சோம்."

"ஆமா."

"தேரு?"

"விடியறதுக்கு முன்னாடியே இழுக்கச் சொல்லிப் பாருங்களேன். சூசகமா."

கோயிலுக்குப் போனேன். வடங்களை வெளியே எடுத்து வீதியில் நீளமாகப் போட்டிருந்தார்கள். வடக்குக் கரைப் பெரியவரிடம், எட்டு மணி வேண்டாம், முன்போலவே நான்கு மணிக்கு இழுத்துவிடலாமே என்றேன். ஏன் என்று கேட்டார். வெயில் என்றேன். தெற்குக் கரையில் யார் என்னிடம் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

வடத்தைத் தாண்டி வீதியின் நடுவில் போய் நின்று பார்த்தேன். இருபது எண்ணுவதற்குள் சட்டை நனைந்தது. ஓரத்துக்குப் போனேன். குளிர்ந்தது. மறுபடி நடுவுக்கு வந்தேன். யாரோ சிரித்தார்கள். வீட்டுக்குப் போய் இரண்டாவது பட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

விசாரணை அதிகாரி அபுதாகிர் பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஊருக்குத் திரும்புவதாக இருந்தார். பட்டையை மேஜைமேல் வைத்தேன். அதன் பின்புறத்தில் அரசியின் பெயர் பொறித்திருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"தம்பி, அன்னைக்கு அவங்க பட்டை கட்டலைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க."

"ஆமா சார்."

"இன்னைக்குப் பட்டையைக் கொண்டாந்து வெக்கிறீங்க."

"ஆமா சார்."

"ரெண்டுல எது பொய்?"

"அன்னைக்கு எழுதுனது."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். இரண்டு புள்ளி வைத்தேன். நடுவில் ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் எல்லாம் இந்தக் கம்பம் பார்க்கும், அந்தப் பக்கம் எல்லாம் அந்தக் கம்பம் என்றேன்.

"கோடு யாரோடது?"

"யாரோடதும் இல்ல."

"யாரு இப்படி எழுதுனது?"

"நான்தான் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பட்டையின் பதிவைத் தன் மடிக்கணினியில் இறக்கினார். பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு ஒன்று வரை நாற்பத்தோரு நிமிடம். புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீதியின் நடுவில் விழுந்தன. ஒன்றுகூட விலகவில்லை. அவ்வளவு நேராக யாராலும் காகிதத்தில் கோடு போட முடியாது. கடைசியில் எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கறுப்பாகிவிட்டிருந்தது. அந்தப் படத்தை அப்போதுதான் நானும் முதல் தடவையாகப் பார்த்தேன்.

எல்லாக் கம்பத்தையும் நிறுத்தாமல் இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். முடியும், ஏதாவது ஒரு பக்கத்துக்கு மட்டும் 'அல்லது சமம்' என்று சேர்த்தால் போதும், வடக்குக் கம்பங்கள் கோட்டையும் பார்த்துக்கொள்ளும் என்றேன்.

"வடக்குக் கரைக்கா? தெற்குக் கரைக்காரன் சும்மா விடுவானா?" என்றார். சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பழுது என்று குறித்து உடனே அனுப்புவதாகவும், மேலே இருப்பவர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். திருத்தம் வரும்வரை வீதியின் நடுவில் ஆள் போகாதபடி தட்டி கட்டச் சொல்வதாகச் சொன்னார். என்மேல் வழக்கு வரும் என்றும் சொன்னார். தெரியும் என்றேன். ஆயிரத்து நூறு என்ற எண் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"பட்டை உங்க கையில இருபத்து மூணு நாள் இருந்திருக்கு. நீங்களே பதிவை மாத்தியிருக்கலாம்னு சொல்லுவாங்க. அவங்க நடுவுலதான் நின்னாங்கன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்."

தர்ஷிகா என்ற பெண்ணை வகுப்பிலிருந்து வரவழைத்தார். அன்றைய பாடத்தில் வடக்குப் பக்கப் பிள்ளைகளுக்கு அவள்தான் தலைவியாக இருந்தாள். வாசலில் அவளுடைய அம்மா நின்றார். நான் பேசக் கூடாது, மூலையில் உட்கார்ந்து கேட்க மட்டும் செய்யலாம் என்று அபுதாகிர் சொல்லிவிட்டார்.

முதல் விசாரணையில் பிள்ளைகளிடம் உங்களுக்குச் சுட்டதா என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள். இல்லை என்று சொல்லியிருந்தார்கள். டீச்சர் எங்கே நின்றார், என்ன பேசினார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அவள் வரிசையாகச் சொன்னாள். கயிறு, முடிச்சு, சாக்பீஸ். டீச்சர் முடிச்சை விடவே இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் பிரிந்து நிற்கச் சொன்னார். வடக்குக் கம்பத்துக்குக் கிட்ட இருப்பவர்கள் ஒரு கணம். தெற்குக் கம்பத்துக்குக் கிட்ட இருப்பவர்கள் இன்னொரு கணம். தலைவர்கள் எண்ணிச் சொல்ல வேண்டும். இரண்டையும் கூட்டினால் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று சரிபார்க்க வேண்டும்.

"வடக்குல பதினேழு. தெக்குல பதினேழு. முப்பத்து நாலு, சரியாப் போச்சு டீச்சர்னு நான்தான் கத்திச் சொன்னேன்."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வடக்குக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். திரும்பித் தெற்குக் கம்பத்தைப் பார்த்தார்.

'பிள்ளைகளா, பத்திரமா இருங்க' என்று சொன்னாரா என்று அபுதாகிர் கேட்டார்.

"இல்ல சார். அது பேப்பர்ல போட்டது."

வேறு யார் பெயரையாவது சொல்லிக் கூப்பிட்டாரா என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஒண்ணு கேட்டாங்க. கேட்டுட்டு அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் எதுவும் பேசல. நாங்க கணக்குக் கேள்வின்னு நெனச்சோம் சார். அதான் யாரும் கிட்டப் போகல. பதில யோசிச்சுக்கிட்டு நின்னோம்."

"என்னம்மா கேட்டாங்க?"

தர்ஷிகா அரசியின் குரலில் சொல்லிப் பார்க்கவில்லை. பாடப் புத்தகத்தைப் படிப்பதுபோலச் சொன்னாள்.

"முப்பத்து நாலு சரி. என்னை எந்தப் பக்கம் சேத்தீங்க?"